பவுன் கணக்கில் பாறை: அயல்நாட்டில் தங்கம் தேடும் சிறு நிறுவனங்களின் பங்கு

ஈக்வடார் நாட்டின் தென்கிழக்கில், பெரு நாட்டு எல்லையை ஒட்டி, கோர்டில்லேரா டெல் கோண்டோர் என்ற மழைக்காட்டு மலைத்தொடர் உள்ளது. 2006 ஆம் ஆண்டு அங்கே துளையிட்டுக்கொண்டிருந்த அவுரேலியன் ரிசோர்சஸ் என்ற சிறிய கனடிய நிறுவனம், பிற்காலப் பாறைகளுக்கு அடியில் மறைந்து கிடந்த ஒரு பெரிய தங்கப் படிவத்தைக் கண்டுபிடித்தது. அந்தப் படிவத்துக்கு ஃப்ரூட்டா டெல் நோர்டே என்று பெயரிட்டார்கள். சில மாதங்களுக்குள் நிறுவனத்தின் பங்கு விலை பல பத்து மடங்கு ஏறியது. ஆனால் அங்கிருந்து முதல் தங்கக்கட்டி வார்க்கப்பட்டது 2019 நவம்பரில்தான். இடைப்பட்ட 13 ஆண்டுகளில் அந்தப் படிவம் அடுத்தடுத்து மூன்று நிறுவனங்களின் கையில் இருந்தது. கண்டுபிடித்த நிறுவனம் ஓர் அவுன்ஸ் தங்கத்தைக்கூடத் தோண்டி விற்கவில்லை. இவ்வகைப் பங்குகளில் புதிதாக இறங்க நினைப்பவர் அறிய வேண்டியவற்றில் பெரும்பகுதி இந்த ஒரு கதைக்குள் இருப்பதால், இக்கட்டுரையில் பலமுறை அதற்குத் திரும்பி வருவோம்.

பங்குச் சந்தை வழக்கில் 'ஜூனியர்' என்று அழைக்கப்படும் இந்நிறுவனங்களுக்குச் சுரங்கம் கிடையாது. விற்பனையும் கிடையாது, அதனால் வருமானமும் கிடையாது. ஓர் அரசாங்கம் குறிப்பிட்ட காலத்துக்கு வழங்கிய ஆய்வு உரிமம், சில புவியியலாளர்கள், வங்கிக் கணக்கில் கொஞ்சம் பணம் ஆகிய மூன்றும்தான் பெரும்பாலும் அவற்றின் மொத்தச் சொத்து. கனடாவின் டிஎஸ்எக்ஸ் வென்ச்சர் சந்தை, ஆஸ்திரேலியப் பங்குச் சந்தை, லண்டனின் எய்ம் சந்தை ஆகியவற்றில் இவை அதிகமாகப் பட்டியலிடப்பட்டுள்ளன. பணம் திரட்டுவது டொரன்டோவிலோ பெர்த்திலோ நடக்கும்; துளை விழுவது ஈக்வடாரிலோ மாலியிலோ இந்தோனேசியாவிலோ இருக்கும்.

கோவைப் பக்கம் ஆயிரம் அடிக்கு போர் போட்டுப் பார்த்த விவசாயிக்கு இந்தத் தொழிலை அதிகம் விளக்கத் தேவையிருக்காது. நீரோட்டம் பார்ப்பவர் இடம் குறித்துக் கொடுப்பார், லாரி வரும், அடிக்கு இவ்வளவு என்று பணம் போய்க்கொண்டே இருக்கும், குழியிலிருந்து புழுதி மட்டும் பறந்துகொண்டிருக்கும். இன்னும் ஐம்பது அடி போட்டால் ஊற்று வந்துவிடும் என்ற நம்பிக்கையில் மறுபடியும் கடன் வாங்கப்படும். ஜூனியர் நிறுவனத்தின் வாழ்க்கையும் இதுதான். வேறுபாடு என்னவென்றால், விவசாயி சொந்த நிலத்தில் சொந்தப் பொறுப்பில் போர் போடுகிறார். ஜூனியர் நிறுவனம் வேறொரு நாட்டு மண்ணில் பங்குதாரர்களின் பணத்தில் போடுகிறது. ஆகவே அதன் பங்கை வாங்குகிறவர் தங்கத்தையோ சுரங்கத்தையோ வாங்குவதில்லை; அடுத்த சில துளைகளுக்கான செலவில் ஒரு பகுதியை ஏற்றுக்கொள்கிறார். அந்தத் துளைகளுக்குப் பணம் போதுமா, தீர்ந்தால் யார் தருவார்கள், அந்த மண்ணில் தொடர்ந்து இருக்க யார் அனுமதிக்க வேண்டும் என்பவற்றை, பாறையில் எவ்வளவு தங்கம் என்ற கேள்விக்கு முன்பாகவே கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் புதியவர்களின் கண்ணில் முதலில் படுவது தங்கத்தின் அளவுதான் என்பதால், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

துளை முடிவு அறிவிப்பில் துளையின் எண், எத்தனையாவது மீட்டர் முதல் எத்தனையாவது மீட்டர் வரை தங்கம் காணப்பட்டது, அந்த நீளத்தில் ஒரு டன் பாறைக்குச் சராசரியாக எத்தனை கிராம் தங்கம் என்பவை இருக்கும். கிராம் கணக்கைப் பவுன் கணக்காக மாற்றிப் பார்த்தால் நமக்கு எளிதில் பிடிபடும். ஒரு பவுன் 8 கிராம். ஃப்ரூட்டா டெல் நோர்டே படிவத்தின் முதல் மதிப்பீடு 2007 இல் வெளியானபோது, 5.89 கோடி டன் பாறையில் டன்னுக்குச் சராசரியாக 7.23 கிராம் என்று கூறப்பட்டது. அதாவது, ஒரு டன் பாறையை உடைத்து அரைத்தால் ஒரு பவுன்கூட முழுதாகத் தேறாது. அதையே உலகம் உயர்தரப் படிவம் என்று கொண்டாடியது. திறந்தவெளிச் சுரங்கங்கள் பல, டன்னுக்கு ஒரு கிராம் அளவில், அதாவது அரைக்கால் பவுன் அளவில் இருக்கும் பாறையையே தோண்டி இலாபம் காண்கின்றன. மேற்சொன்ன இரண்டு எண்களையும் பெருக்கினால் 42.58 கோடி கிராம் வரும்; ஓர் அவுன்ஸுக்கு 31.1 கிராம் என்று வகுத்தால் 1.37 கோடி அவுன்ஸ். அறிவிப்பில் இருந்த எண்ணும் அதுவேதான். கையில் கால்குலேட்டர் இருக்கும் எவரும் இதைச் சரிபார்க்கலாம். பங்கு வாங்குமுன் ஒருமுறையேனும் சரிபார்க்க வேண்டும்.

சராசரி என்ற சொல்லுக்குள் ஏமாற்றத்துக்கு இடம் உண்டு. ஐம்பது மீட்டர் நீளத்துக்கு டன்னுக்கு 2 கிராம் என்று ஓர் அறிவிப்பு சொல்லும்போது, ஐம்பது மீட்டர் முழுவதும் ஒரே சீராகத் தங்கம் பரவியிருப்பதாக நம் மனம் எண்ணிக்கொள்கிறது. ஒரே ஒரு மீட்டரில் 100 கிராமும் மீதி 49 மீட்டரில் ஒன்றுமே இல்லாமலும் இருந்தால்கூட அதே சராசரிதான் வரும். முன்னதைத் தோண்ட முடியும். பின்னது ஒரு மெல்லிய இழை, பெரும்பாலும் தோண்டக் கட்டுப்படியாகாது. அதனால் தலைப்பை விட்டுவிட்டு, உள்ளிருக்கும் அட்டவணையில் 'இதில் உள்ளடங்கியது' என்று தனியாகக் காட்டப்படும் குறுகிய நீளங்களைப் பார்க்க வேண்டும். துளை சாய்வாகவோ தாது இழையின் போக்கிலேயே இறங்கும்படியோ போடப்பட்டிருந்தால் நீளம் அதிகமாகத் தெரியும் என்பதால், உண்மையான தடிமன் எவ்வளவு என்று கொடுக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் கவனிக்க வேண்டும்.

அடுத்து, 'வளம்' என்பதும் 'இருப்பு' என்பதும் ஒன்றல்ல. நிலத்தடியில் இருக்கிறது என்று புவியியலாளர் மதிப்பிடுவது வளம்; அதிலும் அனுமான வளம், சுட்டப்பட்ட வளம், அளவிடப்பட்ட வளம் என்று நம்பகத்தன்மை கூடிக்கொண்டே போகும் மூன்று படிகள் உண்டு. அந்த வளத்தில் இன்றைய விலைக்கும் செலவுக்கும் தோண்டி இலாபத்தோடு எடுக்க முடியும் என்று பொறியியல் ஆய்வு காட்டிய பகுதி மட்டுமே இருப்பு. 2007 இல் சொல்லப்பட்ட 1.37 கோடி அவுன்ஸ் முழுவதும் அடிப்படியான அனுமான வளம். 2016 இல் முழுமையான சாத்தியக்கூற்று ஆய்வு முடிந்து சுரங்கம் அமைக்கத் திட்டமிட்டபோது கணக்கிடப்பட்ட இருப்பு, 1.55 கோடி டன் பாறையில் டன்னுக்கு 9.67 கிராம் வீதம், 48.2 லட்சம் அவுன்ஸ். முதல் எண் பொய் என்று இதற்குப் பொருளில்லை. சிறந்த ஒரு படிவத்திலேயே முதல் அறிவிப்பின் எண்ணுக்கும் சுரங்கத் திட்டத்தின் எண்ணுக்கும் இவ்வளவு இடைவெளி இருக்கும் என்றால், சாதாரணமான ஒன்றில் அது எவ்வளவு இருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

எண்ணே பொய்யாக இருந்த சம்பவமும் உண்டு. கனடாவின் கால்கரியைச் சேர்ந்த பிரே-எக்ஸ் என்ற ஜூனியர், இந்தோனேசியாவின் கிழக்குக் கலிமந்தானில் புசாங் என்ற இடத்தில் 7 கோடி அவுன்ஸுக்கு மேல் தங்கம் இருப்பதாக அறிவித்தது. நிறுவனத்தின் சந்தை மதிப்பு 600 கோடி கனடிய டாலரைத் தாண்டியது. 1997 மார்ச்சில், கூட்டாளியாகச் சேரவிருந்த ஃபிரீபோர்ட் நிறுவனம் பழைய துளைகளுக்குப் பக்கத்திலேயே தானும் துளையிட்டுப் பார்த்தபோது, சொல்லிக்கொள்ளும்படி தங்கம் இல்லை. செய்தி வந்ததும் ஒரே நாளில் பங்கு விலையில் 80 சதவீதத்துக்கு மேல் போயிற்று. வெளியிலிருந்து அமர்த்தப்பட்ட ஸ்ட்ராத்கோனா என்ற ஆலோசனை நிறுவனம், மாதிரிகளில் வேண்டுமென்றே தங்கம் கலக்கப்பட்டிருந்ததை அவ்வாண்டு மே மாதம் உறுதிசெய்தது.

இதில் ஒரு சிறு விவரம் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுகிறது. வைரப் பல் பொருத்திய துரப்பணம், பாறையை உருளை வடிவத் தண்டாக வெளியே எடுத்துத் தரும். அதை நீள நீளமான பெட்டிகளில் வரிசையாக அடுக்கி, ஆழத்தைக் குறித்து, ஒவ்வொரு தண்டையும் நெடுக்காக இரண்டாக அறுத்து, ஒரு பாதியை ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டு மறுபாதியைப் பெட்டியிலேயே பத்திரப்படுத்துவது வழக்கம். பின்னால் யாருக்கேனும் ஐயம் வந்தால் அந்தப் பாதியை எடுத்துச் சோதிக்கலாம். புசாங்கிலோ பெரும்பாலான தண்டுகளை அறுக்காமல் முழுதாக அரைத்துவிட்டார்கள். சரிபார்க்க மறுபாதி இல்லை. அந்த மோசடிக்குப் பிறகே கனடா, என்ஐ 43-101 என்ற வெளிப்படுத்தல் விதியை 2001 இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. தகுதிபெற்ற நிபுணர் ஒருவர் பெயரோடு பொறுப்பேற்காமல் துளை முடிவையோ வள மதிப்பீட்டையோ இப்போது வெளியிட முடியாது. ஆஸ்திரேலியாவில் இதையொத்த ஜார்க் விதித்தொகுப்பு 1989 முதலே இருந்து வருகிறது. அறிவிப்பின் கடைசியில் வரும் அந்த நிபுணரின் பெயரையும், மாதிரிகள் எப்படி எடுக்கப்பட்டன, எந்த ஆய்வகத்துக்குப் போயின, சோதனைக்காகத் தங்கமில்லாத வெற்று மாதிரிகள் இடையில் கலந்து அனுப்பப்பட்டனவா என்னும் பத்தியையும் பலர் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். நான் அதைத்தான் முதலில் படிப்பேன்.

இனிப் பணத்துக்கு வருவோம். மோசடியால் பணம் இழப்பவர்களைவிட, எவரும் பொய் சொல்லாமலே சட்டப்படி நடக்கும் பங்கு நீர்ப்பால், அதாவது புதிய பங்குகள் வெளியாக வெளியாகப் பழைய பங்குதாரரின் விகிதம் குறைவதால், இழப்பவர்களே மிகப் பலர். வருமானமில்லாத நிறுவனம் செலவுக்குப் புதிய பங்குகளை வெளியிட்டே பணம் திரட்ட வேண்டியிருக்கிறது. ஒரு கற்பனை நிறுவனத்துக்கு 5 கோடி பங்குகள் இருப்பதாகவும், நீங்கள் 5 லட்சம் பங்குகள், அதாவது நூற்றில் ஒரு பங்கு வைத்திருப்பதாகவும் கொள்வோம். சந்தையில் விலை 20 சென்ட். துளையிட 30 லட்சம் டாலர் தேவைப்படுகிறது. சந்தையில் விற்காமல் தேர்ந்தெடுத்த சிலருக்கு நேரடியாக விற்கும் தனிப்பட்ட ஒதுக்கீட்டில் வாங்குபவர்கள் தள்ளுபடி கேட்பார்கள் என்பதால் 15 சென்ட் விலையில் 2 கோடி புதிய பங்குகள் வெளியிடப்படுகின்றன; ஒவ்வொரு பங்கோடும், இரண்டு ஆண்டுகளுக்குள் 25 சென்ட் கொடுத்து இன்னொரு பங்கு வாங்கிக்கொள்ளும் உரிமைச்சீட்டு ஒன்றும் இலவசமாகத் தரப்படுகிறது. இதை 'வாரன்ட்' என்பார்கள். இப்போது மொத்தம் 7 கோடி பங்குகள். உங்கள் பங்கு 0.71 சதவீதம். நல்ல முடிவு வந்து விலை ஏறினால் வாரன்ட் வைத்திருப்பவர்கள் 25 சென்ட்டுக்கு வாங்குவார்கள். மொத்தம் 9 கோடியாகி, உங்கள் பங்கு 0.56 சதவீதமாகும். இது ஒரு சுற்று மட்டுமே. கண்டுபிடிப்பிலிருந்து சுரங்கம் வரை இத்தகைய சுற்றுகள் பத்துகூட நடக்கலாம்.

கனடாவில் இப்படி ஒதுக்கப்பட்ட பங்குகளைப் பொதுவாக நான்கு மாதங்களுக்கு விற்க முடியாது. அந்தக் கெடு முடிந்த மறுநாளிலிருந்து, தள்ளுபடியில் வாங்கியவர்களில் சிலர் பங்கை விற்றுப் போட்ட பணத்தை எடுத்துவிட்டு, இலவசமாக வந்த வாரன்ட்டை மட்டும் வைத்துக்கொள்வார்கள். நல்ல செய்தி வந்தும் விலை ஏன் ஏறவில்லை என்று சந்தையில் வாங்கிய சிறு முதலீட்டாளர் குழம்பி நிற்கும் பல நேரங்களில் காரணம் இதுதான். எத்தனை வாரன்ட்கள் நிலுவையில் உள்ளன, என்ன விலைக்கு, எந்தத் தேதி வரை என்பது காலாண்டு நிதியறிக்கையின் குறிப்புகளில் வெளிப்படையாக அச்சிடப்பட்டிருக்கும். கனடிய நிறுவனங்களின் எல்லா அறிக்கைகளும் செடார் பிளஸ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆஸ்திரேலியாவில் இன்னும் எளிது: அங்கே கனிம ஆய்வு நிறுவனங்கள் காலாண்டுதோறும் 5பி என்ற படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும், கையிருப்புப் பணம் இதே வேகத்தில் செலவானால் எத்தனை காலாண்டுகளுக்கு வரும் என்பதை அதில் ஒரே எண்ணாகக் காட்டியாக வேண்டும். இரண்டுக்குக் குறைந்தால், அடுத்து பணம் எங்கிருந்து வரும் என்று நிறுவனமே விளக்கம் எழுத வேண்டும். திரட்டிய பணத்தில் எவ்வளவு துளைக்குப் போயிற்று, எவ்வளவு இயக்குநர் சம்பளத்துக்கும் நிர்வாகச் செலவுக்கும் போயிற்று என்பதும் அந்தப் படிவத்திலேயே தெரியும். விளம்பரச் செலவு வளர்ந்துகொண்டே போகும் நிறுவனத்தின் பங்கை நான் தொட மாட்டேன். 'இந்தப் பங்கு பத்து மடங்காகும்' என்று யூடியூபிலும் வாட்ஸ்அப்பிலும் வருபவற்றில் பல, நிறுவனத்திடம் கட்டணம் பெற்றுத் தயாரிக்கப்பட்டவை. அந்த உண்மை கீழே பொடி எழுத்தில் இருக்கும்.

இவை எல்லாம் உள்நாட்டில் தேடும் நிறுவனத்துக்கும் பொருந்தும். அயல்நாடு என்று வரும்போது இன்னொரு தரப்பும் சேர்கிறது. பெரும்பாலான நாடுகளில் நிலத்தடிக் கனிமம் அரசுக்குச் சொந்தம். நிறுவனத்திடம் இருப்பது ஒரு தாள். ஃப்ரூட்டா டெல் நோர்டே கண்டுபிடிக்கப்பட்ட இரண்டே ஆண்டில், 2008 ஏப்ரலில், ஈக்வடாரின் புதிய அரசியலமைப்பை எழுதிக்கொண்டிருந்த மன்றம் சுரங்க ஆணை ஒன்றைப் பிறப்பித்து, ஏராளமான உரிமங்களை ரத்து செய்து, புதிய சட்டம் வரும்வரை ஆய்வுப் பணிகளை நிறுத்தி வைத்தது. நிலத்தடியில் இருந்த தங்கத்தில் ஒரு கிராமும் குறையவில்லை. ஆனால் அவுரேலியனின் பங்கு விலை கடுமையாகச் சரிந்தது. அந்தச் சரிவில்தான் கின்ராஸ் என்ற பெரிய நிறுவனம் ஏறத்தாழ 120 கோடி கனடிய டாலர் மதிப்பில் அவுரேலியனை வாங்கியது. கண்டுபிடிப்புக்கு முன் வாங்கியவர்களுக்கு அதுவும் பெரும் இலாபம். உச்சத்தில் வாங்கியவர்களுக்கு நட்டம். ஒரே பங்கு, ஒரே தங்கம்.

கின்ராஸின் கதையும் நல்லபடியாக முடியவில்லை. தங்கத்தின் விலை ஒரு வரம்பைத் தாண்டினால் கூடுதல் வருவாயில் 70 சதவீதத்தை அரசுக்குத் தர வேண்டும் என்ற வரியைப் பற்றி அரசோடு உடன்பாடு எட்டாததால், 2013 இல் அது திட்டத்தைக் கைவிட்டது. 2014 டிசம்பரில் இப்போது லுண்டின் கோல்ட் என்று அறியப்படும் நிறுவனத்துக்கு 24 கோடி அமெரிக்க டாலருக்கு விற்றது. தான் கொடுத்ததில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. புதிய உரிமையாளர் அரசோடு ஒப்பந்தம் செய்து முடித்துப் பிறகே சுரங்கம் கட்டினார். வரி, ராயல்டி எனப்படும் உரிமைத்தொகை, அரசுக்கு இலவசப் பங்கு ஆகியவை பல நாடுகளில் ஆய்வு உரிமத்தின் கட்டத்தில் தீர்மானமாவதில்லை, சுரங்க ஒப்பந்தத்தின் கட்டத்தில்தான் பேசப்படுகின்றன என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம். அதற்குள் நிறுவனம் தன் பணத்தையெல்லாம் அந்த மண்ணில் கொட்டியிருக்கும், பேரம் பேசும் வலிமை அரசின் பக்கம் மாறியிருக்கும்.

அரசு ஒப்பந்தத்தை மீறினால் பன்னாட்டு நடுவர் மன்றத்துக்குப் போகலாமே என்று கேட்கலாம். போகலாம். வெனிசுவேலாவின் லாஸ் கிறிஸ்டினாஸ் தங்கப் படிவத்துக்காக கிரிஸ்டலெக்ஸ் என்ற கனடிய நிறுவனம் 2002 இல் ஒப்பந்தம் செய்துகொண்டது. 2008 இல் சுற்றுச்சூழல் அனுமதி மறுக்கப்பட்டது. 2011 இல் ஒப்பந்தமே ரத்தானது. 2016 இல் நடுவர் மன்றம் வட்டி நீங்கலாக 120 கோடி அமெரிக்க டாலர் இழப்பீடு தரச் சொன்னது. ஆனால் நிறுவனம் 2011 இறுதியிலேயே கடன் தீர்க்க முடியாமல் நீதிமன்றப் பாதுகாப்பில் நுழைந்திருந்தது. தீர்ப்பு வந்த பிறகும் அந்தப் பணத்தை வசூலிக்க அமெரிக்க நீதிமன்றங்களில் பல ஆண்டுகள் வழக்காட வேண்டியிருந்தது. ருமேனியாவின் ரோஷியா மொன்டானாவில் தங்கம் எடுக்க முயன்ற கேப்ரியல் ரிசோர்சஸுக்கு அதுவும் வாய்க்கவில்லை. தங்கத்தைப் பிரிக்க சயனைடு நஞ்சைப் பயன்படுத்துவதையும் பழைய ரோமானியச் சுரங்கங்களின் அழிவையும் எதிர்த்து 2013 இல் மக்கள் தெருவில் இறங்க, நாடாளுமன்றம் திட்டத்தை நிராகரித்தது. 2021 இல் அந்த இடம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. 2024 மார்ச்சில் நடுவர் மன்றம் நிறுவனத்தின் கோரிக்கையைத் தள்ளுபடி செய்தது.

அந்த ருமேனிய ஊர் மக்களின் நிலை நமக்கு அந்நியமானதன்று. ஆஸ்திரேலியச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒரு சிறு நிறுவனம் இலங்கையின் மன்னார் தீவு மணலில் இல்மனைட் என்ற டைட்டானியக் கனிமத்தைத் தேடித் துளையிட்டிருக்கிறது. கடல்மட்டத்தை ஒட்டிய தாழ்நிலம், மணலுக்குள் தேங்கும் நன்னீர், மீன்பிடித் தொழில், வலசைப் பறவைகள் ஆகியவற்றை முன்னிட்டு அங்குள்ள மக்கள் கனிம மணல் அகழ்வைத் தொடர்ந்து எதிர்த்து வருகிறார்கள். முதலீட்டாளர் அறிக்கையில் இத்தகைய எதிர்ப்பு 'சமூகத் தொடர்பு' என்ற தலைப்பில் இரண்டு வரியில் அடங்கிவிடும். தான் பணம் போடும் இடத்து மக்கள் என்ன சொல்கிறார்கள் என்று அந்நாட்டுச் செய்தித்தாளில் படித்துப் பார்ப்பது முதலீட்டாளரின் கடமை என்றே நினைக்கிறேன். மனச்சாட்சிக்காக மட்டுமல்லாமல் கணக்குக்காகவும்.

வாங்கும் வழிமுறையைப் பற்றிச் சிறிதே சொல்ல வேண்டும். இந்தியாவில் வசிப்பவர் ரிசர்வ் வங்கியின் தாராளமயப் பணமனுப்பும் திட்டத்தின் கீழ் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை அனுப்பலாம். கடன் வாங்கி மார்ஜினில் வணிகம் செய்ய இயலாது. வெளிநாட்டுப் பங்குகளை வருமான வரிப் படிவத்தில் தனி அட்டவணையில் காட்ட வேண்டும். டொரன்டோவிலோ சிட்னியிலோ வாழும் தமிழர் தம் ஊர்த் தரகு நிறுவனத்தின் கணக்கிலேயே வாங்கலாம். எங்கிருந்து வாங்கினாலும் சந்தை விலைக்கு என்று ஆணை கொடுக்காமல், இன்ன விலைக்கு மேல் வேண்டாம் என்று வரம்பு விலை குறித்தே கொடுக்க வேண்டும். சிறு பங்குகளில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையே பெரிய பள்ளம் இருக்கும்.

விற்பது அதைவிடக் கடினம். முன்பு சொன்ன கற்பனை நிறுவனத்தில் நாளொன்றுக்குச் சராசரியாக 40,000 பங்குகள் கைமாறுவதாக வைத்துக்கொள்வோம். விலையைக் கெடுக்காமல் அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 8,000 பங்குகள் உங்களால் விற்க முடிந்தால், 5 லட்சம் பங்குகளையும் விற்று முடிக்க 62 வணிக நாட்களுக்கு மேல், ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆகும். அந்த மூன்று மாதங்களுக்குள் அடுத்த துளைகளின் முடிவுகள் ஆய்வகத்திலிருந்து வந்துவிடும்.